கேட்காமல் வந்து குடியேறிய மூன்று ரீடர்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் உடம்புக்கு முடியாவிட்டாலும் அதைச் சொல்லும் பழக்கம் உனக்குக் கிடையாது, அந்த விஷயத்தில் நீ அப்படியே என் வயிற்றுப் பிள்ளை. இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் படியேறும்போது எண்ணெய் காணாத கீல் மாதிரிச் சத்தம் போடுகிறது, மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார், யோசித்துச் சொல்கிறேன் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறார் உன் அப்பா. மாடியில் உன் சித்தப்பா மீசைக்கு மட்டும் சாயம் பூச ஆரம்பித்திருக்கிறார், தலையை அப்படியே விட்டுவிட்டார், ஏன் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் விளக்குவார். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இன்று எழுத வேண்டிய விஷயம் வேறு, போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ "சரி விடும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிடுவாய், சொன்னபடி பார்த்தும் கொள்வாய், பிரச்சினையே அதுதான்.

போன வாரம் என் கணினியில் நடந்த கூத்துக்கு யார் காரணம் என்று நீ அப்பாவிடம் கேட்டாயாம், அவர் "உன் சித்தப்பன் வேலைதாம்மா, வேற யாரு" என்று சொன்னாராம். அது உண்மை இல்லை. உண்மை என்னவென்று நான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. நான் எடுத்திருந்த புரூஃப் வேலை உனக்குத் தெரியும், செவிலியர்கள் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கைப்புத்தகம், எந்த மருந்தை எந்த வயதுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை, வேதியியல் படித்தவள் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். பதிப்பகத்தார் பக்கங்களை பிடிஎஃப் கோப்பாக அனுப்புவார்கள், நான் தப்பு இருக்கும் இடத்தில் ஓரக்குறிப்புப் போட்டு அதே கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும், இவ்வளவுதான் வேலை. பல வருஷமாக, கோப்பைத் திறந்து காட்டும் ஒரே ரீடரில்தான் செய்துவந்தேன். முன்பெல்லாம் அது திறக்கும், காட்டும், மூடும். இப்போது அதற்கு லட்சியங்கள் வந்துவிட்டன. கணினியைப் போட்டதும் நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது, உள்ளே விட என் மின்னஞ்சல் முகவரியைக் கேட்கிறது, புதுப் பதிப்பு வந்திருக்கிறது இறக்கிக்கொள் என்கிறது, இறக்கி முடித்தால் அதைவிடப் புதியது வந்திருக்கிறதாம். இத்தனையும் தாண்டிக் கோப்பைத் திறந்தால் இந்த ஆவணம் நீளமாக இருக்கிறதே, சுருக்கிச் சொல்லட்டுமா என்று கேட்கிறது. மருந்தளவு அட்டவணையை எப்படிச் சுருக்கும், எல்லா மருந்திலும் கொஞ்சம் கொஞ்சம் கொடுங்கள் என்றா? நம் கணினியோ நீ கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது, அதற்கு இந்த ஆடம்பரம் தாங்கவில்லை. நான் ஒரு சொல்லைத் தட்டிவிட்டுப் போய்த் துணியைக் கொடியில் போட்டுவிட்டு வந்தால் திரையில் பாதிச் சொல் வந்திருக்கும்.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டேன், நம் வீட்டுக்கு அது போதும். நம் குடும்பத்தில் யாரும் வாய் திறந்து கேட்பதும் இல்லை, கேட்டு உதவி செய்வதும் இல்லை, திருடன் மாதிரி ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து உதவி செய்துவிட்டு ஒன்றும் தெரியாத முகத்தோடு போய்விடுவோம். சமையலறைக் குழாய் சொட்டியபோது அப்பா ரகசியமாக ஒரு சுற்று இறுக்கினார், சித்தப்பா ரகசியமாக ஒரு சுற்று இறுக்கினார், நீ லீவுக்கு வந்தபோது உன் பங்குக்கு ஒரு சுற்று, கடைசியில் குழாயின் தலை என் கையோடு வந்தது, நாலு நாள் வாளியில் தண்ணீர் தூக்கினோம். அதே கதைதான் இப்போதும் நடந்தது. நான் கடைக்குப் போயிருந்தபோது சித்தப்பா இறங்கி வந்து கனமே இல்லாத ஒரு ரீடர் என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், கூடவே வானிலை சொல்லும் ஒரு பெட்டியும் பழங்களை வரிசையாக அடுக்கும் ஒரு விளையாட்டும் வந்து சேர்ந்தன. அப்பா தன் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள் என்று இன்னொரு ரீடரைப் போட்டார். இருவரும் என்னிடமும் சொல்லவில்லை, ஒருவருக்கொருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் கணினியைப் போட்டால் பிடிஎஃப் எல்லாவற்றையும் இனி நானே திறக்கட்டுமா என்று ஒன்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லி நிமிர்வதற்குள் அடுத்தது கேட்கும், பழையது கோபித்துக்கொண்டு முன்னைவிட மெதுவாக வரும். வைரஸ் என்றுதான் நினைத்தேன். வீட்டு ஆட்கள் என்று தோன்றவே இல்லை.

பிறகு ஒரு நாள் கணினி தானாகவே குணமாகிவிட்டது. கோப்பைத் தொட்டால் திறந்தது, குறிப்பை எழுத எழுத எழுத்து வந்தது, ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சுருக்கவில்லை. எதையும் இரண்டு முறை சந்தேகப்படுகிற நான் அன்றைக்குச் சந்தேகப்படவில்லை பார், சௌகரியமாக இருந்தால் யாருக்குத்தான் கேள்வி வருகிறது. மளமளவென்று வேலையை முடித்தேன். கைக்குழந்தைகளுக்கான அட்டவணையில் ஒரு சொட்டு மருந்துக்கு 1.5 மில்லி என்று இருக்க வேண்டியது புள்ளி விழுந்துபோய் 15 மில்லி என்று இருந்தது, அதற்குச் சிவப்பில் கட்டம் போட்டு உடனே கவனிக்கவும் என்று எழுதினேன், திரையில் கண்ணால் பார்த்தேன், சேமித்தேன், அனுப்பினேன், நிம்மதியாகத் தலைக்குக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்தால் பதிப்பகத்து எடிட்டர் அம்மாள் போனில் சிரிக்கிறார். "மேடம், உங்ககிட்டேருந்து ஒரு திருத்தம்கூட இல்லாம ஃபைல் வந்திருக்கு, ஆஃபீஸே நம்ப மாட்டேங்குது, நேரா அச்சுக்கு அனுப்பிட்டேன்" என்றார். நான் பக்கத்துக்கு ஒன்றாவது போட்டிருப்பேனே, அட்டவணையில் சிவப்புக் கட்டம் இல்லையா என்று கேட்டேன், "கட்டமும் இல்ல வட்டமும் இல்ல மேடம், சுத்தமா இருக்கு" என்றார். எனக்குத் தலையிலிருந்து வடிந்த தண்ணீர் முதுகில் இறங்குவது தெரிந்தது. அச்சை நிறுத்துங்கள், அந்த அட்டவணையில் ஒரு புள்ளி விழுந்துபோயிருக்கிறது என்றேன். "அச்சுக்குப் பிளேட் போட ஆரம்பிச்சிட்டாங்க மேடம், ஒரு புள்ளிக்காக நிறுத்தச் சொன்னா அச்சகத்துக்காரர் என்னைக் கடிச்சுத் தின்னுடுவாரு" என்றார். கடிக்கட்டும், அந்தப் புள்ளி இல்லையென்றால் கைக்குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போகும், அதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "லைன்லயே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஈரத் தலையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன், யாரோ ஓடுவதும் கதவு அடிப்பதும் கேட்டது, திரும்பி வந்தவருக்கு மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டார்கள், எந்தப் பக்கம், வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டார். பக்கத்தைச் சொன்னேன். அதே பகுதியில் இன்னொரு அளவும் தப்பு, அதையும் குறித்திருந்தேன், ஆனால் எந்த மருந்து என்று நினைவில்லை, கணினியைப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஓடினேன். அங்கே உன் அப்பா கைகளைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார். "ரெண்டு மூணு ரீடர் இருந்தா கம்ப்யூட்டர் திணறுமாம், கடையில சொன்னாங்க. தெரியாத ஒண்ணு இருந்தது, இப்பதான் எடுத்தேன், இனிமே பறக்கும் பாரு" என்றார். கோப்பைத் திறந்தேன். ஒரு குறிப்பும் இல்லை.

தலையைத் துவட்டாமல் பேருந்து பிடித்துப் பதிப்பகத்துக்குப் போனேன். எடிட்டர் அம்மாள் அந்தக் கோப்பு முழுவதையும் தாளில் அச்செடுத்து வைத்திருந்தார், முதல் வரியிலிருந்து மறுபடி படித்துத் தப்பு ஒவ்வொன்றையும் குறித்தேன், அச்சகத்துக்காரர் நேரிலேயே வந்து எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார், நான் இரண்டையும் பார்க்கவில்லை. காய்ச்சல் மருந்தில் இருந்தது அந்த இரண்டாவது தப்பு, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பது ஆறு வேளையாகியிருந்தது. காட்டினேன். அச்சகத்துக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரனுக்கு இந்த மருந்துதாங்க இப்ப குடுத்துக்கிட்டிருக்கோம்" என்றார், அதன் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை, எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். புத்தகம் சரியாக வந்துவிட்டது, கவலைப்படாதே. ஆனால் அந்த எடிட்டர் அம்மாளுக்கு மட்டும் ஒரு திருத்தமும் இல்லையென்று எனக்குப் போன் செய்து சிரிக்கும் நல்ல குணம் இல்லாதிருந்தால் அந்த 15 மில்லி எத்தனை செவிலியர்களின் சட்டைப்பைக்குப் போயிருக்கும் என்று நீயே நினைத்துப் பார்.

வீட்டுக்கு வந்ததும் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்து விசாரித்தேன். அப்பா தான் போட்டது எது என்று காட்டினார். சித்தப்பா, "என்னோடது லைட் அண்ணி, வெயிட்டே கிடையாது" என்றார். அப்படியானால் அந்தப் பழ விளையாட்டு எதற்கு என்று கேட்டதற்கு, "அது ஃப்ரீ அண்ணி" என்றார். சரி, அப்பா எடுத்தெறிந்தது யாருடையது என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "உன்னோடதுடா" என்றார் அப்பா, "என்னோடது இங்கதான இருக்கு, மீசை சத்தியமா இல்ல" என்றார் சித்தப்பா. பிறகு மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. முன்பு பிரிண்டரைச் சரிசெய்ய, நீ அங்கிருந்தபடியே என் கணினிக்குள் வர அனுமதி கொடுத்தேனே, அந்த அனுமதி அப்படியே இருந்திருக்கிறது. நீ அங்கிருந்தே ஓசைப்படாமல் வந்து உன் ரீடரைப் போட்டு, அதையே முதலாவதாக வைத்து, மற்றவற்றை ஓரம்கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். நல்ல ரீடர்தான், வேகமான ரீடர்தான். குறிப்புகளைக் கோப்புக்குள் வைக்காமல் தன் மடியிலேயே முடிந்துவைத்துக்கொள்ளும் என்பது மட்டும் எனக்குத் தெரியாது, தனியாக ஒரு பொத்தானை அழுத்தினால்தான் கோப்புக்குள் போகுமாம். போட்டதை என்னிடம் சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பாய். அப்பா ரீடரை எடுத்த பிறகும் அந்தக் குறிப்புகள் எங்கேயோ ஒரு ஃபோல்டரில் இருக்கும் என்று இப்போது உனக்குச் சொல்லத் தோன்றும், இருக்கட்டும். அப்பா என்னிடம், "தூரத்துல இருக்கா, தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவா, சொல்லாத" என்று கெஞ்சினார். சித்தப்பா, "என் பேர்லயே இருக்கட்டும் அண்ணி, ஏற்கெனவே நிறைய இருக்கு" என்றார். ஒரு பொய்யை இவ்வளவு பாசமாகச் சேர்ந்து சொல்லும் அண்ணன் தம்பியைப் பார்த்துச் சிரிப்பு வந்தாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உன்னால் நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். நீ சின்னக் குழந்தை இல்லை, அட்டவணையில் இருந்ததுதான் சின்னக் குழந்தை.

கோபம் இல்லை, இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். எல்லா ரீடர்களையும் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன், லட்சியம் பிடித்த அந்தப் பழையது போகும்போதுகூட ஏன் போகச் சொல்கிறீர்கள் என்று காரணம் கேட்டது, கொடுத்திருந்த எந்தக் காரணமும் எனக்குப் பொருந்தவில்லை. சின்னதாக ஒன்றை நானே படித்துப் பார்த்துப் போட்டேன். ஒரே ஒரு குறிப்புப் போட்டு எடிட்டர் அம்மாளுக்கு அனுப்பினேன், தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகுதான் அடுத்த வேலையைத் தொட்டேன், இனிமேல் எப்போதும் அப்படித்தான். உனக்கு இருந்த அனுமதியையும் எடுத்துவிட்டேன், உள்ளே வர முயன்று பார்த்துக் குழம்பாதே.

இன்னொன்று. நேற்று அப்பா இஞ்சு டேப்பை வைத்துக்கொண்டு என் மேசையை நீளமும் அகலமும் அளந்தார். எதற்கு என்றேன், "சும்மாதான், தெரிஞ்சு வச்சுக்கலாம்னு" என்றார். காலண்டரில் அடுத்த மாதம் ஒரு தேதியைச் சுற்றி வட்டம் வேறு போட்டிருக்கிறார். என்ன வரப்போகிறது, யார் அனுப்பப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குப் பட்டம் தேவையில்லை. அனுப்பாதே. முதலில் போன் செய். அம்மா, உனக்குப் புதுக் கணினி வேண்டுமா என்று என்னிடம் நேராகக் கேள். இத்தனை வருஷமாக இருப்பதே போதும் என்றுதான் சொல்லியிருக்கிறேன், போதாது என்று தெரிந்துகொண்டே. மருந்துப் புத்தகத்தில் புள்ளி தேடுகிறவள் இனி அப்படிச் சொல்லக் கூடாது. கேள், வேண்டும் என்று சொல்கிறேன்.

நீ எல்லா நலனும் பெற்று நிறைவாக இருக்க வேண்டும், பசிக்கும் முன் சாப்பிடு, விழும் முன் தூங்கு. அந்தக் கடைவாய்ப் பல்லை மருத்துவரிடம் காட்டிவிட்டாயா, இதை நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

உன் மேல் உள்ள அன்பு குறையாமல்,
அம்மா