நீ கேட்ட ஒரு வாய் பாஸ்தா

என் கையில் லீக்ஸ் வாடை அடிக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவியும் அந்த வெங்காயத்தாள் நெடி போகவில்லை. மூன்று வருடமாக நான் கிட்டே போகாமல் இருந்த வாடை இது. ஹோட்டலில் லீக்ஸ் நறுக்கும் வேலை வந்தால் வேறு யாரிடமாவது தள்ளிவிட்டு இறைச்சிப் பக்கம் போய்விடுவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கண் எரிகிறது என்று சொல்லியிருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி மல்லிகா என் வீட்டுக்கு வந்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் நீ கொத்திப் போட்ட துண்டு நிலத்தில் இப்போது அவள்தான் மரக்கறி போடுகிறாள். பழைய பேப்பரில் சுற்றிய ஒரு கட்டு லீக்ஸை என்னிடம் நீட்டினாள்.

“எனக்கும் சீனி வியாதி வந்திருச்சுண்ணே. கிளினிக்ல மாத்திரை குடுத்திருக்காங்க. அவருக்கு இத வச்சு பாஸ்தா மாதிரி செஞ்சு குடுப்பீங்களே, அத எனக்கும் சொல்லித் தாங்க.”

கட்டை வாங்கிக்கொண்டேன். தண்ணீர் கொதிக்க வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். அடுப்பைப் பற்றவைக்க முடியவில்லை. ஒரு குச்சி அணைந்து, அடுத்த குச்சியும் அணைந்தது. முதுகுக்குப் பின்னால் நீ நிற்கிறாய் என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை. அப்படித் திரும்பிப் பார்ப்பதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

லிந்துலையில் ஒரே லயத்தில் பிறந்தோம். ஒரே வருடம் பள்ளிக்கூடத்தை விட்டோம். ஒரே கிழமையில் நுவரெலியா ஹோட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தோம். பத்து வருடத்தில் நான் இறைச்சிக்கு வந்தேன், நீ மாவுக்குப் போனாய். அது உனக்கென்றே இருந்த இடம். காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டி தின்று வளர்ந்தவன் நீ. மாவைத் தொட்டதுமே தண்ணீர் கூடியதா குறைந்ததா என்று உன் விரல் சொல்லிவிடும். முட்டை ஊற்றிப் பிசைந்து, மெல்லிசாக உருட்டி, நாடா நாடாவாக வெட்டித் தட்டில் விரித்து வைப்பாய். பெரிய செஃப்கூட அதில் கை வைக்கமாட்டார்.

“ரொட்டிக்கும் இதுக்கும் என்னடா வித்தியாசம்? நம்ம ரொட்டிய நாடாவா வெட்டிப் போட்டா வெள்ளக்காரன் கண்ண மூடிச் சாப்பிடுறான்” என்பாய்.

பிறகு மா வேண்டாம் என்கிற விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். உடம்பு குறைக்க வேண்டுமாம், பாஸ்தா வேண்டுமாம், ஆனால் அதில் மா இருக்கக் கூடாதாம். செஃப் கொழும்பிலிருந்து கைப்பிடி வைத்த ஒரு சின்ன மெஷினைக் கொண்டுவந்தார். சுக்கினியை அதில் சொருகிச் சுற்றினால் நூல் நூலாக விழும். நீ ஒரு நூலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாய். “நல்ல மாவ விட்டுட்டுக் காயத் திரிச்சுத் திங்கிறாங்கடா. ஒரு கொத்து மா கெடைக்காதான்னு கெடந்தவங்க நாம!” குசினியே சிரித்தது. நானும்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகவில்லை. உன் கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. சீனி வியாதி என்று மாத்திரை எழுதிக் கொடுத்து, விரலை எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்தாய். அந்த வாரம் மல்லிகா என்னைத் தண்ணீர்ப் பைப்படியில் மறித்தாள். “நான் சொன்னா கேக்கமாட்டாருண்ணே. நாள் பூரா அந்த மாவுக்கு முன்னாலதான் நிக்கிறாரு. ருசி பாக்குறேன், ருசி பாக்குறேன்னு தின்னுருவாரு. நீங்கதான் பாத்துக்கணும்.” நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

எப்படியெல்லாம் பார்த்துக்கொண்டேன்! கரட்டைத் திரித்துப் போட்டேன், இனிக்கிறது என்றாய். பீட்ரூட் தட்டையெல்லாம் சிவப்பாக்கியது. சுக்கினி தண்ணீர் விட்டுத் தக்காளிக் குழம்பையே கழுவிவிட்டது. உப்புப் போட்டுத் துணியில் பிழிந்து பார்த்தேன். கோவா இலையை மெல்லிசாகச் சீவினேன். ஒவ்வொன்றையும் நீ மென்று, கண்ணை உருட்டி, தீர்ப்புச் சொல்வாய். “பாஸ்தான்னா கடிக்கிறப்ப ஒரு பிடிப்பு இருக்கணும்டா. இது வாயில வழுக்கிக்கிட்டு ஓடுது.”

கடைசியில் லீக்ஸ் பிடிபட்டது. வெள்ளைத் தண்டை மட்டும் எடுத்து, நீளவாக்கில் பிளந்து, இதழ் இதழாகப் பிரித்து, விரல் அகல நாடாவாக வெட்ட வேண்டும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் அரை நிமிடம். உடனே குளிர்ந்த தண்ணீர். துணியில் ஒற்றி எடுத்து, உள்ளிப் பூண்டும் இடித்த மிளகாயும் தாளித்த எண்ணெயில் ஒரு புரட்டு. நீ முதல் வாய் தின்றுவிட்டுத் தட்டை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். இரண்டாம் வாய்க்குப் பிறகு, “டேய், என்னையே ஏமாத்திப்புட்டியேடா” என்றாய். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் பெரிய செஃப் நான்தான் என்று நினைத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நான் பொலிஸ்காரன் ஆனேன். மூன்று மணிக்கு ஊழியர்களுக்குச் சாப்பாடு வரும்போது உன் தட்டிலிருந்து சோற்றை எடுத்துவிடுவேன். வீட்டிலும் ரொட்டியை நிறுத்தச் சொன்னேன். நீ மெலிந்தாய். கிளினிக்கில் சீனி நன்றாக இறங்கியிருக்கிறது என்றார்கள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். மாத்திரையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடியே நீ விழுங்கிக்கொண்டிருந்தாய். சாப்பாடு கால்வாசியாகிவிட்டது என்று கிளினிக்கில் போய்ச் சொல்ல வேண்டும் என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

அந்த நாள் ஒரு கல்யாணக் கூட்டம். விடிந்ததிலிருந்து நின்றபடி மாவு உருட்டிக்கொண்டிருந்தாய். மூன்றரைக்குத்தான் உனக்குத் தட்டு வைத்தேன். லீக்ஸும் ஒரு துண்டு கோழியும். சாப்பிட்டுவிட்டுப் போனவன் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாய். நான் விருந்தில் மிஞ்சிய பாஸ்தாத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“டேய், ஒரு வாய் குடு” என்றாய்.

“எத?”

“பாஸ்தாவத்தான். கொழம்பு வேணாம். வெறும் பாஸ்தா. ஒரு வாய்.”

நான் சிரித்தேன். “இப்பத்தான சாப்பிட்ட? நாக்க அடக்கு.”

நீ சிரிக்கவில்லை. தட்டில் கை வைத்தாய். உன் கை நடுங்கியது. வெளியே மழை, அந்தக் குளிரில் உன் நெற்றியில் வியர்வை. அடுப்பு வெக்கை என்று நினைத்தேன். நான் தட்டை இழுத்தேன், நீ விடவில்லை. வாழ்க்கையில் என்னை நீ திட்டாத ஒரு வார்த்தையால் அப்போது திட்டினாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாத்திரம் கழுவும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொரு வெரலையும் வெட்டக் குடுக்கப் போறியா?” என்றேன்.

நீ தட்டை விட்டாய். என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். இருந்திருந்தால் நல்லது. என்னை யாரென்று தெரியாதவன் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல், பின் வாசல் வழியாகப் போனாய். நான் அந்த பாஸ்தாவைக் குப்பை வாளியில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவினேன். அதைச் சொல்லாமல் விட முடியாது. கொட்டினேன்.

தோட்டக்காரர் கத்தியது அப்போதுதான் கேட்டது. பின் படிக்கட்டில் நீ தலைகீழாகக் கிடந்தாய். மழைத் தண்ணீர் உன் தலையிலிருந்து சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சிங்களத்தில் கேட்டதைத் தாதி எனக்குத் தமிழில் கேட்டாள். “கடைசியா என்ன சாப்பிட்டாரு?”

“லீக்ஸ்.”

“சோறு? பாண்? ரொட்டி?”

“ஒண்ணும் இல்ல.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்திரை மட்டும் உள்ளே போய், மாச்சாப்பாடு ஒன்றும் போகாததால் சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது, மயக்கத்தில்தான் விழுந்திருக்கிறார் என்று தாதி விளக்கினாள். நடுங்கினாரா, வேர்த்ததா, எரிந்து விழுந்தாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அதுதான் என் முதல் பொய். நாலாம் நாள் நீ கண் திறக்காமலே போய்விட்டாய்.

சாவு வீட்டில் மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எவ்வளவு பாத்துப் பாத்து சமைச்சுக் குடுத்தீங்கண்ணே. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்.” பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பாஸ்தா வடிக்கும் ஆவி முகத்தில் அடித்தால் உன் குரல் கேட்கிறது. பயமுறுத்தும் குரல் இல்லை. வெறுமனே கேட்கிறாய். ஒரு வாய். உனக்குப் பிறகு வந்தவன் மாவு உருட்டும்போது, அவன் தோளுக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதை நான் மட்டும் பார்க்கிறேன். நடக்கும்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறேன். பின் படிக்கட்டில் இறங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்படியோ அடுப்பு பற்றியது. மல்லிகா பலகையை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தண்டைப் பிளக்கக் காட்டினேன். நன்றாகவே வெட்டினாள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சோற்றை ஒரேயடியாக விடக் கூடாது, டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும். அவளுக்கு ஆபத்தில்லை, எனக்கும் ஆபத்தில்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“மல்லிகா, அன்னிக்கு அவன் எங்கிட்ட சாப்பிடக் கேட்டான்.”

கத்தி நின்றது.

“பாஸ்தா கேட்டான். நான் குடுக்கல.”

“எத்தன தடவ கேட்டாரு?”

“ரெண்டு. ரெண்டாந் தடவ தட்டப் புடிச்சான். புடுங்கிட்டேன்.” விரலைப் பற்றி நான் சொன்னதையும் சொன்னேன். குப்பை வாளியையும் சொன்னேன்.

கொதித்த தண்ணீர் பாதியாக வற்றிவிட்டது. எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகட்டும் என்றும் நினைத்தேன். அவள் லீக்ஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கு விடியக் காலைல புள்ளைங்களுக்கு ரொட்டி சுட்டேன். ஒரு துண்டு குடுன்னு கேட்டாரு. அண்ணனுக்குத் தெரிஞ்சா ஏசுவாருன்னு சொல்லி, பிளேன்டீய மட்டும் குடுத்து அனுப்பிட்டேன்.” பிறகு, “சூடா இருந்துச்சுண்ணே, ரொட்டி. கைய வச்சுப் பாத்துட்டுத்தான் போனாரு” என்றாள்.

மூன்று வருடம் அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் நீ பசியோடு நின்றிருக்கிறாய். நான் அவளைத் தேற்றவில்லை. ரொட்டியை நிறுத்தச் சொன்னதே நான்தான். அவளும் என்னைத் தேற்றவில்லை. பானையில் புதுத் தண்ணீர் ஊற்றினாள். லீக்ஸை வேகவைத்தோம். என் வீட்டில் இருந்த சோற்றில் ஒரு அகப்பை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அவள் கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டாள். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்றைக்குக் கிளினிக் நாள். காலையில் அவள் வீட்டில் லீக்ஸ் நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு, அவளோடு போனேன். அவள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு சாப்பிடுகிறாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், சின்ன வயது. தாளை முழுதாகப் படித்தார். மாத்திரையைப் பாதியாக்கினார். நடுங்கினால், வேர்த்தால் உடனே சீனி போட்ட தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?”

அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. மல்லிகா தன் கிளினிக் கொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தபடி பதில் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரரோட கூட்டாளி.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பையை என் மடியில் வைத்திருந்தேன். உன் கூட்டாளி என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்று உன்னிடம் கேட்க வழியில்லை. ஆனாலும் அவள் கொடுத்த அந்தச் சொல்லை நான் கீழே வைக்கப் போவதில்லை.