பாக்கியத்துக்கு ஒரு பாட்டு வேண்டும்

என் லெட்சுமிக்கு,

நீ போன பிறகு உன்னிடம் எதையும் கேட்டதில்லை. பதில் வராது என்று தெரிந்தவன் நான். இப்போது கேட்டே ஆகவேண்டியிருக்கிறது. தேயிலைக் கொழுந்து பறித்த மலையில் நீயும் உன் தங்கச்சி பாக்கியமும் என்ன பாட்டுப் பாடினீர்கள்?

காரணம் இருக்கிறது. மாசி மாதம் பாக்கியத்துக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. நம் முன்னறையில்தான் கட்டில் போட்டிருக்கிறோம். நம் மகள் மலர் இசைச் சிகிச்சையில் முதுகலை படிக்கிறாள். பேச்சு நின்றவர்களுக்கும் சிலசமயம் பாட்டு நிற்பதில்லையாம். அதைப் பிடித்துக்கொண்டே சொல்லை வெளியே கொண்டுவரலாமாம். பயிற்சிக்காக தினமும் பதுளைக்கு பஸ் ஏறிப் போய், முதியோர் இல்லத்தில் யார் யாருக்கோ பாடுகிறாள். வீட்டுக்கு வந்தால் சித்திக்குக் கஞ்சி மட்டும் ஊட்டுகிறாள்.

"சொந்தக்காரங்களுக்கு நாங்க சிகிச்சை குடுக்கக் கூடாதுப்பா. பாசம் கண்ணை மறைச்சிரும்."

"அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பு?"

"அடுத்தவங்க வீட்டுச் சித்திக்கு."

நீயே சொல், இது நியாயமா?

எனக்கு யாரும் தாளம் சொல்லித்தரவில்லை. கேட்டுக் கேட்டே தப்புப் பறை அடித்தேன். மடுல்சீமைத் தோட்டத்தில் விடியுமுன், ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடும் என் தப்புச் சத்தம் கேட்டுத்தானே லயத்து வீடுகளெல்லாம் எழுந்து வேலைக்குப் போயின? போன செவ்வாய்க்கிழமை மலர் கிளம்பியதும் பரணிலிருந்து தப்பை இறக்கினேன். நெருப்பில் காய்ச்சி, பாக்கியத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அதே அடியை அடித்தேன்.

அவள் கண் திறந்தது. கை எழுந்து தலைமேல் கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தேடியது. காலைக் கட்டிலிலிருந்து இறக்கினாள். பஸ்ஸைத் தவறவிட்டுத் திரும்பி வந்த மலர் ஓடிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். வேலைக்குப் பிந்திவிட்டவளைப் போல அழுதாள்.

"அப்பா, நீங்க சித்திக்கு வைத்தியம் பாக்கல. வேலைக்குக் கூப்பிட்டீங்க."

"கை எழுந்துச்சா இல்லையா?"

"அது நல்ல கைப்பா."

இருந்தாலும் எழுந்தது.

மலரோடு படிக்கும் நிலூகா, ஹாலிஎல ஊர்க்காரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். சொந்தமில்லாததால் அவள் பாடலாமாம். ஆனால் பாக்கியம் தானே வாய்விட்டுப் பாடிய பாட்டாக இருக்கவேண்டுமாம். பஜனைப் பாட்டு ஒன்றைச் சொன்னேன். "அது ஒங்க பாட்டுப்பா" என்றாள் மலர். அன்றிலிருந்து வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டில் நீ ஏன் ஒருநாளும் பாடவில்லை?

கடைசியில், உங்களோடு கொழுந்தெடுத்த மாரியாயியிடம் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

"சொன்னா கோவிச்சுக்கக் கூடாது மாமா. ஒங்களைத் திட்டித்தான் பாடுவாளுக. பொண்டாட்டி எடுத்துக் குடுப்பா, கொழுந்தியா முடிப்பா."

பாடியும் காட்டினாள்:

கோழி கூவும் முன்னாலே
கொட்டுறானே தப்பெடுத்து
கொட்டுறவன் கை ரெண்டும்
கொஞ்சமாச்சும் வலிக்காதா

எனக்குச் சோறு போட்டுவிட்டு, மலையேறி என்னையா திட்டினாய்? தோட்டத்துத் துரை அடிக்கச் சொன்னார், அடித்தேன். அந்த மழையிலும் பனியிலும் உங்களுக்கு முன்னால் எழுந்தவன் நான் இல்லையா? அதற்கு ஒரு பாட்டு கட்டினீர்களா?

மலரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "இதுதான்பா வேணும்" என்று அப்போதே நிலூகாவுக்கு போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கும் போகமாட்டேன். தப்பு பரணில் இருக்கும். பாக்கியத்தின் கண் படும் இடத்தில், நேரெதிரே உட்காருவேன். உன் மூன்று அடிகளை நிலூகா பாடி நிறுத்தட்டும். நாலாவது அடியில் உன் தங்கச்சி என்னைத் திட்டட்டும். எத்தனை ஞாயிறு ஆனாலும் அந்தத் திட்டை வாங்காமல் எழுந்திருக்க மாட்டேன்.

கை எழுந்தது எழுந்ததுதான். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் புருஷன், பாக்கியத்தின் மச்சான்