முன்னால் போகிற குதிரை

இன்று துறைமுகத்தில் குதிரைக் கப்பல். சட்டையெல்லாம் குதிரை வேர்வை நாற்றம். அப்படியே நம் வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். "மொதல்ல கெணத்தாண்ட போய்யா" என்று விரட்ட நீ இல்லை. நீ போனபின் எனக்கு அழுகையே வரவில்லை. தின்கிறேன், தூங்குகிறேன், வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவில் காட்டில் மேய்ந்த குதிரைகளை நாங்கள் முதன்முதல் இறக்கிய கதையைச் சொன்னேனே. கூட்டத்துக்குத் தலைவன் என்று நினைத்து ஆண்குதிரையை முதலில் பலகையில் இழுத்தோம். அது காலை ஊன்றிக்கொண்டு நின்றது. கிழட்டுப் பெண்குதிரை ஒன்றை அவிழ்த்துவிட்டதும் அது தானாக இறங்கியது. மற்றவை அதன் பின்னால் வந்தன, நம் வீரர் கடைசியில் வந்தார். காட்டிலும் அப்படித்தானாம். வழி பார்ப்பது பெண், பின்னால் காவல் வருவது ஆண். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பிறகு கேட்டாய்: "அந்தக் கெழவி பூட்டா அதுங்க இன்னாயா பண்ணும்?"

அந்த வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்குக் கிளம்பும்போது, "நீ இன்னாத்துக்கு முன்னால ஓடுற? பின்னால வா, அப்பதான் அல்லாரும் கண்ல படுவோம்" என்றாய். அன்று முதல் நீ முன்னால், நடுவில் நம் பெண்கள் இருவர், கடைசியில் நான். பெண்டாட்டி பின்னால் போகிறவன் என்று ராயபுரமே கேலி செய்தது. நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சர்க்கஸ் மிருகங்கள் வந்ததும் நினைவிருக்கும். புலி தனிக்கூண்டில் நிம்மதியாகக் கிடந்தது. ஒன்றாகவே வளர்ந்த அக்கா தங்கை பெண்சிங்கங்களை வேறுவேறு கூண்டில் இறக்கினார்கள். இரண்டும் இறைச்சியைத் தொடவில்லை. "பாவம்யா, ஒண்ணா வுடச் சொல்லு" என்றாய், ஏதோ நான்தான் கேப்டன் மாதிரி.

நேற்று எண்ணூரிலிருந்து உன் தங்கை வந்தாள். "சின்னத நான் இட்டுகினு போறேன் மாமா. பெர்சு உனுக்குச் சோறாக்கிப் போடட்டும்." நல்ல மனசோடுதான் கேட்டாள். காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் பார்த்தால், பெண்கள் இருவருக்கும் அவள் ராத்திரி போட்ட சோறு தட்டில் அப்படியே இருந்தது. "ரெண்டும் இங்கியே இர்க்கட்டும்மா" என்றேன். கோபமில்லாமல் போனாள்.

இன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் குளித்துவிட்டு, கோயிலுக்குக் கிளம்ப வாசலில் நின்றேன், யார் முதலில் இறங்குவது என்று தெரியாமல். பெரியவள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள். உன்னைப் போலவே திரும்பிப் பார்க்கவில்லை. நான் வழக்கம்போலக் கடைசியில் போனேன். நீ சொன்னது சரிதான், பின்னாலிருந்து பார்த்தால் எல்லாரும் கண்ணில் படுகிறார்கள். நீதான் படவில்லை.