எந்த இடத்தில் அழுதாய், மாப்பிள்ளை?

இடைவேளையில் எழுந்துபோய் இன்னும் சீட்டுக்குத் திரும்பாத என் மாப்பிள்ளை ஆரோக்கியத்துக்கு,

உன் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, சின்னதாக ஒரு நினைவு மலர் போடுகிறாள் உன் மகள் ஜெசிந்தா. அதில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் கணக்கோடு இரண்டு தடவை மோதி, இரண்டு தடவையும் அடி வாங்கிப் பஞ்சர் கடைக்கு வந்து சேர்ந்தவன் நான். கடைப் பலகையில் இருக்கும் இரண்டு வரியைக்கூட நீதான் எழுதிக் கொடுத்தாய். உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. உனக்கு எழுதலாம் என்றால் கை தானாகப் போகிறது.

முதலில் ஊர்ச் சேதி. உன் வீட்டுக்காரி பிலோமினாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை. கத்தரித் தோட்டத்தை உன் தம்பி பார்த்துக்கொள்கிறான். புதுக்கோட்டையில் நாம் போகும் தியேட்டரில் சீட்டெல்லாம் மாற்றிவிட்டார்களாம், சாய்ந்தால் கட்டில் மாதிரி போகிறதாம். அது எனக்கு எவ்வளவு ஆபத்து என்று உனக்குத் தெரியும்.

கடை வாசலில் இருக்கும் ஆணியை நீ மறந்திருக்க மாட்டாய். கீரனூரிலிருந்து குளத்தூர் போகிற பஸ்ஸெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாம் படம் பார்த்துவிட்டு வந்தால், திங்கள் காலை அந்த ஆணியில் ஒரு சைக்கிள் டியூப் தொங்கும். காற்றடைத்த டியூப் என்றால் படம் பார்க்கலாம். பாதிக் காற்று என்றால் வீட்டில் வேலை இல்லாதவர்கள் பார்க்கலாம். தொய்ந்த டியூப் என்றால் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம். பஸ்ஸில் போகிறவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். "என்ன மாணிக்கம், இந்த வாரமும் காத்து எறங்கிருச்சா?" என்று கண்டக்டர் கத்திவிட்டுப் போவார். எனக்குத் தலைகால் புரியாது. ஒருத்தன் வருடக்கணக்கில் பாடுபட்டு எடுத்த படத்தின் தலையெழுத்து என் கடை ஆணியில் தொங்குவதாக நினைப்பு.

அந்தத் தீர்ப்பு எப்படித் தயாராகும் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். இடைவேளையில் பப்ஸ் வாங்கும் வரிசையில் நின்று, முன்னால் நிற்பவன் முகத்தையும் பின்னால் நிற்பவன் முகத்தையும் பார்ப்பேன். நாலு பேர் பேசுவதைக் காதில் வாங்கிக்கொள்வேன். விசில் பறந்தால் நானும் அடிப்பேன். பக்கத்து சீட்டுக்காரன் செல்லை எடுத்தால் எனக்கும் படம் சலித்துவிடும். இப்படிப் பொறுக்கிச் சேர்த்ததை ஒரு நக்கல் வரியாக்கி, ஸ்டாண்டில் வண்டியை எடுப்பதற்குள் சொல்லிவிடுவேன். முதலில் சொல்கிறவன்தான் விவரமானவன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

நீ வாயே திறக்க மாட்டாய். நார்த்தாமலை தாண்டும்வரை வண்டியின் பின்னால் சும்மா உட்கார்ந்து வருவாய்.

"என்ன மாப்ள, படம் எப்படி?"

"இரு மச்சான். உள்ளுக்குள்ள இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

"ஒனக்கு என்ன வயித்துக்குள்ள மெஷினா வச்சு ஓட்டுறாங்க?"

"பொதங்கெழம சொல்றேன், ரோட்டப் பாத்து ஓட்டு."

சொன்னபடி புதன்கிழமை வருவாய். கத்தரிக்காய் மூட்டையைச் சந்தையில் இறக்கிவிட்டு, என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொல்வாய். நல்ல படம், மோசமான படம் என்ற பேச்சே உன் வாயில் வராது. "அந்தப் பொம்பள கொடத்த எறக்கி வக்கிறப்பச் சத்தம் வராம வச்சா, பாத்தியா மச்சான்? உள்ள யாரோ ஒடம்புக்கு முடியாமப் படுத்திருக்காங்கன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு." நான் எங்கே பார்த்தேன்? "பஸ்ஸு ரெண்டாப் பொளந்து பறக்குது, இவன் கொடத்தப் பாத்திருக்கான்" என்று கடையில் நிற்பவர்களைச் சிரிக்க வைப்பேன். இப்போது ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சில புதன்கிழமைகளில் நீ பஸ் ஏறிய பிறகு, நான் எழுந்துபோய் அந்த டியூபுக்குக் கொஞ்சம் காற்று அடித்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு படத்துக்கு வந்தபோது நீ கவனித்தாயா? கவனித்தும் சொல்லாமல் இருந்தாயா?

அந்தக் கடைசிப் படத்துக்கு வருகிறேன்.

எப்போதும் படத்தை நான்தான் முடிவு செய்வேன். அன்றைக்கு நீ கூப்பிட்டாய். பெரிய நடிகர் யாரும் இல்லை, சண்டை இல்லை. வெளிநாட்டில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவனின் கதை. நீயும் மஸ்கட்டில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. காலையில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணியை வேறு ஒரு கை பார்த்திருந்தேன். விளக்கு அணைந்ததும் நானும் அணைந்துவிட்டேன். இடைவேளைக்கு எழுந்து வரிசையில் நின்றேன், இரண்டு பேர் "ஸ்லோவா போகுது" என்றார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பி வந்து மறுபடி தூங்கினேன். படம் முடிந்து நீதான் தோளைத் தொட்டு எழுப்பினாய். உன் கை ஈரமாக இருந்தது. தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருப்பாய் என்று நினைத்தேன்.

வாசலில் ஒரு பெண் மைக்கோடு நின்று, வருகிறவர்களிடமெல்லாம் படம் எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மைக்கைப் பார்த்தால் நான் விடுவேனா?

"படமாம்மா இது? டியூபு மொத்தமும் ஓட்டை. ஒட்டுப் போடவே எடம் இல்ல! ஏசி மட்டும் சூப்பரு, அசந்து தூங்குனேன்."

கூட்டம் சிரித்தது. சிரித்துவிட்டால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பின்னால் நின்ற உன்னைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இந்தா, எங்க மாப்ளயப் பாருங்க, கண்ணத் தொடச்சுக்கிட்டு நிக்கிறான். என்னத்துக்குங்கிறீங்க? இந்தக் கொடுமைக்கு நம்ம மச்சானக் கூட்டிட்டு வந்துட்டமேன்னுதான்!"

நீயும் சிரித்தாய். கர்ச்சீப்பை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். வழியில் ஒன்றும் பேசவில்லை. வழக்கம்தானே என்று விட்டுவிட்டேன்.

திங்கள் காலை தொய்ந்த டியூப் தொங்கியது. என் மகன் பிரபு செல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். "அப்பா, நீங்க வைரலு!" என்றான். யாரோ உன் முகத்தை மட்டும் பெரிதாக்கி, பின்னால் சோகமாக ஒரு வயலினை ஓடவிட்டு, சுற்றுக்கு விட்டிருந்தார்கள். உங்கள் ஆவூர் ஆட்கள் செல்லிலும் அது வந்ததாகச் சொன்னார்கள். காற்று பிடிக்க வருகிறவனெல்லாம் அந்த வசனத்தை என்னிடமே சொல்லிக் காட்டினான். நானும் டியூப் மாதிரி ஊதிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் புதன்கிழமை நீ வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. போன் அடித்தால், "வேல கெடக்கு மச்சான், வாரேன்" என்றாய். நீ இல்லாமல் நானும் படத்துக்குப் போகவில்லை, ஆணியில் அதே டியூப்தான் கிடந்தது. மூன்றாவது வாரம், காலையில் மோட்டார் போடப் போனவன் கிணற்றடியிலேயே சாய்ந்துவிட்டாய். நெஞ்சு என்றார்கள்.

உன்னை அடக்கம் செய்துவிட்டுக் கடை திறந்த அன்று, எதிர்ப் பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சுப்பையா ரோட்டைத் தாண்டி வந்தார்.

"ஒரு விசயம் சொல்லணும் மாணிக்கம். படம் பாத்துட்டு வந்தீங்கல்ல, அந்தப் பொதங்கெழம ஒங்க மாப்ள வந்தாப்ல. அங்கிட்டு நம்ம கடைலதான் நின்னு டீ குடிச்சாப்ல. இங்கிட்டு ஒங்க கடையவே பாத்துக்கிட்டு இருந்தாப்ல. 'போகலயா'ன்னு கேட்டேன். 'அதான் தீர்ப்ப எழுதித் தொங்கவிட்டாச்சே, இனி நான் என்னத்தப் போயிச் சொல்றது'ன்னு சிரிச்சுக்கிட்டே பஸ் ஏறிட்டாப்ல."

அன்றைக்கு அந்த டியூபை இறக்கினேன், மாப்பிள்ளை. அதற்குப் பிறகு எதையும் மாட்டவில்லை.

போன வாரம் ஜெசிந்தா இந்த மலர் விஷயமாகக் கடைக்கு வந்தபோது, எழுதச் சொல்லிவிட்டு உடனே கிளம்பவில்லை. செல்லை எடுத்து நீட்டினாள். அதே வீடியோ. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம்.

"மாமா, அப்பா அழுது நாங்க பாத்ததே இல்ல. ஒவ்வொரு தடவ ஏர்போர்ட்டு போறப்பவும் நாங்கதான் அழுவோம், அவங்க சிரிச்சுக்கிட்டேதான் போவாங்க. அவங்க அழுததுன்னு எங்ககிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. நீங்க பக்கத்துலதான இருந்தீங்க? எந்த எடத்துல மாமா அழுதாங்க?"

ஏதாவது ஒரு இடத்தைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். பார்க்காத படத்துக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவன்தானே? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"தூங்கிட்டேன் ஆத்தா."

"படம் பூராவுமா?"

"பூராவும்."

"அப்பறம் எப்படி மாமா படம் நல்லா இல்லன்னு சொன்னீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்தப் படம் இப்போது வீட்டு டிவியிலேயே வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆவூருக்குப் போனேன். உன் வீட்டுக் கூடத்தில், நீ வாங்கிய டிவிக்கு முன்னால், பிலோமினா, ஜெசிந்தா, நான், மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். தூங்கிவிடக்கூடாது என்று இரண்டு டீ குடித்திருந்தேன். டீக்கு வேலையே இல்லை.

ஊர் திரும்பியவன் தன் சொந்த வீட்டில், அடுப்படி வாசலில் நின்றுகொண்டு, "தண்ணி எடுத்துக்கட்டுமா?" என்று பெண்டாட்டியிடம் கேட்கிறான். பிலோமினா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இதுதாண்ணே. இங்கதான் அழுதிருப்பாங்க. வந்த புதுசுல நம்ம பானைல தண்ணி மோக்க என்னையக் கேப்பாங்கண்ணே. விருந்தாளியா நீங்கன்னு நான் கேலி பண்ணுவேன்."

"அது இல்லம்மா, பேசாமப் பாரு" என்றாள் ஜெசிந்தா. கொஞ்ச நேரத்தில் அவன் பெட்டியைத் திறந்து மகளுக்கு ஒரு கவுன் எடுக்கிறான். மகள் அதை மேலே வைத்துப் பார்க்கிறாள். முட்டிக்குமேல் நிற்கிறது. அவன் மனசுக்குள் அவள் வளரவே இல்லை.

"இங்கதான்" என்றாள் ஜெசிந்தா. "எனக்கும் அப்படித்தான ரெண்டு சைஸ் சின்னதா வாங்கிட்டு வந்தாங்க. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நான் தொடவே இல்ல. அத எங்கம்மா வச்சிருக்க?"

"பெட்டில கெடக்கு. அதுக்கெல்லாம் அழமாட்டாங்கடி, தண்ணிக்குத்தான் அழுதிருப்பாங்க."

"ஆமா, ஒனக்கு ஒம் பானைதான் பெருசு!"

"ஒனக்கு ஒங் கவுனு!"

படத்தை நிறுத்திவைத்துவிட்டு இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். அழுதுகொண்டே போட்டார்கள், நடுவில் சிரித்தும்விட்டார்கள். நடுவராகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான். அந்த இருட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சண்டை ஓய்ந்து படம் மறுபடி ஓடியபோது, பிலோமினா முகம் கழுவப் போய்விட்டாள், ஜெசிந்தா கவுனைத் தேடி உள்ளே போனாள். நான் மட்டும்தான் பார்த்தேன். ஊர் திரும்பியவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கிறான். தினமும் வருகிறான். அவன் வந்தாலே அந்த இடம் சிரிப்புத்தான். ஊர் திரும்பியவன் எதையோ சொல்ல வாயெடுக்கிறான், கூட்டாளி இன்னொரு ஜோக் சொல்கிறான். மறுபடி வாயெடுக்கிறான், "அட, அத விடு" என்று முதுகில் தட்டுகிறான். மூன்றாவது தடவை அவன் வாயெடுக்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து சிரிக்கிறான். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன், மாப்பிள்ளை. மைக்குக்கு முன்னால், கர்ச்சீப்பை நாலாக மடித்தபடி.

கவுனோடு வந்த ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். "நீங்க எங்கன்னு நெனக்கிறீங்க மாமா?"

"இரு ஆத்தா. பொதங்கெழம சொல்றேன்" என்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இன்று புதன்கிழமை. மலருக்குக் கொடுப்பதற்குமுன் அவள் இதைப் படிப்பாள், அதுதான் என் பதில். ஒரு பக்கம் கேட்டவளிடம் இத்தனை பக்கம் கொடுக்கிறேன். எதை வேண்டுமானாலும் வெட்டட்டும், அந்தக் கூட்டாளியை மட்டும் வெட்ட வேண்டாம்.

பிலோமினா சொன்னது சரியாக இருக்கலாம், ஜெசிந்தா சொன்னதும் சரியாக இருக்கலாம். ஆனால் எனக்குக் கேட்க வேண்டியது வேறு. அந்தக் கூட்டாளி திரையில் வந்தபோது பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தாயா? கதை தெரிந்துதான் கூப்பிட்டாயா? அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்த எதைச் சொல்ல வந்தாய்? டீ கிளாஸோடு நீ நின்ற இடத்துக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு ரோடுதானே இருந்தது?

ஆணி சும்மாதான் இருக்கிறது. "என்ன மாணிக்கம், படம் ஒண்ணும் வரலயா?" என்று கண்டக்டர் கேட்கிறார். "வந்துருக்கு, நீங்களே போயிப் பாருங்கண்ணே" என்கிறேன். ஸ்டூலைத் துடைத்து அதே இடத்தில்தான் போட்டிருக்கிறேன்.

கல்லறைத் திருநாளுக்கு பிலோமினா, ஜெசிந்தாவோடு நானும் மெழுகுவர்த்தி கொண்டுவருகிறேன். அவர்கள் செபம் சொல்லிவிட்டுக் கிளம்பிய பிறகும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஜோக் எதுவும் எடுத்து வர மாட்டேன். முதலில் நான் வாயைத் திறக்கவும் மாட்டேன். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் சரி, நீ சொல்லி முடித்துவிட்டாய் என்று எனக்குத் தோன்றும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

உன் பிலோமினாவுக்கு அண்ணனாகி, அந்த முறையில் உனக்கு மச்சானாகிப்போன
பஞ்சர் கடை மாணிக்கம்