ஆலங்குடி லைன் நின்ற கால் மணி நேரம்

இன்று காலை மருத்துவமனையின் இணைய லைன்களைப் பிரித்துவிடும் பழைய ஃபயர்வால் பெட்டியைக் கழற்றினேன். பக்கவாட்டில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘லைன் 1 – ஆலங்குடி ஸ்கேன். லைன் 2 – மத்ததெல்லாம்.’ நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்த லைன் நின்ற அன்று நடந்ததை உன்னிடம் நான் ஒழுங்காகப் பேசவேயில்லை.

அந்தப் பெட்டியை அமைத்தது நாம் இருவரும்தான். நான் புதுக்கோட்டையில், நீ ஆலங்குடிக் கிளையில். அங்கே எடுக்கும் ஸ்கேன் படம் முதல் லைன் வழியாக இங்குள்ள டாக்டருக்கு வரவேண்டும். அலுவலகத்தின் மற்ற இணையப் பயன்பாட்டை இரண்டாவது லைனுக்குத் திருப்புவது என் வேலை. எது எந்த லைனில் போகவேண்டும் என்று பெட்டிக்குச் சொல்லும் ரூல் ஒன்றை அதற்கு எழுதினேன். ‘எங்கே போவது’ என்ற கட்டத்தில் ‘எல்லாம்’ என்று போட்டு, பட்டியலின் உச்சியில் வைத்துவிட்டேன். பெட்டி மேலிருந்துதான் படிக்கும். முதலில் பொருந்துவதோடு நின்றுவிடும். இங்கிருந்து ஆலங்குடிக்குப் போகவேண்டிய பதிலும் இரண்டாவது லைனில் போய்த் தொலைந்தது; அந்தப் பதில் போகாமல் படம் வராது.

சற்று நேரத்தில் உன் போன். தென்னையிலிருந்து விழுந்த ஒருவருக்குத் தலை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். படம் போகவில்லை.

“அங்கிட்டு ஏதாச்சும் மாத்துனியாடி?”

“இல்லையே. நான் ஒண்ணும் தொடல.”

மேலாளர் என் பக்கத்தில் நின்றிருந்தார். அதனால் அப்படி வாயில் வந்துவிட்டது.

நீ நம்பினாய். கேபிளை மாற்றினாய், அங்கிருந்த பெட்டியை அணைத்துப் போட்டாய். கால் மணி நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, “ரூல் பக்கத்தைத் தொற. மேலேருந்து ஒவ்வொண்ணா வாசி” என்றாய். முதல் வரியில் ‘எல்லாம்’ என்று நான் வாசித்ததுமே தப்பு எங்கே என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

“ஆலங்குடி ரூலை அதுக்கு மேல தூக்கி வை.” அவ்வளவுதான் சொன்னாய். படம் வந்தது. டாக்டர் பார்த்ததும் தஞ்சாவூருக்கு அனுப்பச் சொன்னார். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மன்னிப்புக் கேட்க வந்தேன். நீ பேசவிடவில்லை.

“ரூலைத் தப்பாப் போடுறது யாருக்கும் நடக்கும். நீ இல்லைன்னுட்ட. நான் கேபிளைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன், அந்த ஆளோட சம்சாரம் என் கையையே பாத்துக்கிட்டு நிக்கிது.”

உன் ஊருக்குப் போகும் ஆவூர் பஸ் வந்ததும் ஏறிக்கொண்டாய். மறுநாள் அறிக்கையில் ‘ரூல் வரிசை தவறு, சரிசெய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதினாய். என் பெயர் இல்லை. ஒரு வாரம் டீ குடிக்க நீ கூப்பிடவில்லை. அப்புறம் கூப்பிட்டாய். அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஆவூர் கல்லறைத் தோட்டத்தில் உன்னை இறக்கிய அன்று ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தேன்.

இன்று மதியம் புதிய பெட்டியில் பாதைகளைப் போடும்போது ஒரு எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன். ஆலங்குடியில் இப்போது ஸ்கேன் எடுக்கும் பெண் கூப்பிட்டாள்.

“மேடம், லைன் கட்டாயிருச்சு. என்னன்னு பாக்கட்டுமா?”

“நீங்க எதையும் தொடாதீங்க. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். ரெண்டு நிமிஷம் இருங்க.”

 மேலாளர் பக்கத்தில் நின்றாலும் இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.