ஓரத்தில் நின்ற அத்தை

திண்டிவனம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பானுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும், உன் தம்பி திருமுருகனும் மருமகள் வெண்ணிலாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் கனடாவுக்கு, உன் கால்கரிக்கே கிளம்புகிறது, அவர்களிடம் கேப்பை மாவும் வறுத்த மல்லாட்டைக் கடலையும் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதமும் அந்தப் பையிலேயே இருக்கும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், விஷயம் முழுதாக வந்து சேராது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, ஆனால் மாடிப்படி ஏறாதே என்றால் கேட்பதில்லை.

விஷயம் உன் தம்பி கல்யாணத்தில் எடுத்த குடும்பப் போட்டோவைப் பற்றியது. மண்டபம் சின்னது, போட்டோக்காரர் தேவா பின்சுவரில் முதுகை ஒட்டி நின்று அகலமான லென்ஸ் போட்டுத்தான் எல்லோரையும் அடக்கினார். அதனால் மேடைத் தூண்கள் இரண்டும் பீப்பாய் மாதிரி வெளியே வளைந்திருந்தன, பின்னால் எரிந்த விளக்குகளால் என் வேட்டி ஓரமெல்லாம் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு கோடு. நீதான் ஒரிஜினலை வாங்கி, உன் கம்ப்யூட்டரில் தூணை நிமிர்த்தி, அந்தக் கோட்டையும் எடுத்து அனுப்பினாய். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், நானும் சொன்னேன். அதையே பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் மாட்டி உறவுக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தோம். பெருமுக்கல்லில் இருக்கும் உன் அம்மணி அத்தை வீட்டுக்கு விருந்துக்குப் போனபோது தம்பியும் வெண்ணிலாவும் ஒன்றைக் கொண்டுபோனார்கள். என் அக்கா வாங்கிப் பார்த்து, நல்லா கீது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போட்டிருக்கிறாள்.

போன மாதம் அவள் வீட்டுக்காரர், உன் மாமா மண்ணாங்கட்டி, உரம் வாங்க இங்கே வந்தவர் நம் வீட்டுக்கும் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய அந்த ஃப்ரேமைக் கட்டிலில் வைத்துவிட்டு, ஒங்கக்கா குடுத்தனுப்புனா மச்சான் என்றார். டீ போடுவதற்குள் போய்விட்டார். ஏன் திருப்பி அனுப்பினாள் என்று எனக்குப் புரியவில்லை. வெண்ணிலாதான் பார்த்துவிட்டு என்னிடம், மாமா, அத்த தோள் மேல இது யாரு கை என்று கேட்டாள். படத்தின் கடைசியில் உன் அம்மா நிற்கிறாள், அவள் தோளில் ஒரு கை மட்டும் இருக்கிறது, கைக்கு ஆள் இல்லை. கையோடு தெரியும் புடவை நுனியும் சாம்பல் நிறமாக இருக்கிறது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது ஒங்க அக்கா கைதான் என்றாள். மனைப் பிரிவினையில் அவளுக்கும் அக்காவுக்கும் பேச்சு நின்றுபோனது உனக்குத் தெரியும். அத்தனை வருஷம் கழித்து அக்கா நம் வீட்டுக் காரியத்துக்கு வந்தது அந்தக் கல்யாணத்துக்குத்தான். நாம் எடுத்துக்கொடுத்த கத்திரிப்பூ கலர் பார்டர் போட்ட புடவையைத்தான் கட்டியிருந்தாள்.

மறுநாள் விழுப்புரம் போய் தேவாவைப் பார்த்தேன். உன் படத்தையும் ஒரிஜினலையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டினார். வளைவை நிமிர்த்தும்போது படத்தின் ஓரம் வெளியே இழுபட்டுக் கோணலாகுமாம், அதை நேராக்க சாஃப்ட்வேரே ஓரத்தை வெட்டிவிடுமாம். இது பானு வேணும்னு பண்ணல சார், ஓரத்த வெட்டுன்னு ஒரு டிக் இருக்குது, அத எடுக்காம உட்டுட்டாங்க என்றார். ஊதாக் கோட்டை எடுக்கச் சொன்னால் அது புடவை பார்டரையும் சேர்த்து வெளுத்துவிட்டதாம். வெட்டாமல் செய்யுங்கள் என்றேன். செய்தார், ஓரங்களில் வந்த வெற்றிடத்தைச் சுவர் நிறத்தால் நிரப்பினார். ஆனால் தூண் முழுக்க நேரானால் ஓரத்தில் நிற்கிற அக்காவின் முகம் பூசணிக்காய் மாதிரி அகண்டுவிடுகிறது. தூண் எப்படியோ போகட்டும் என்றேன். வளைவைப் பாதி மட்டும் நிமிர்த்தி, ஊதாக் கோட்டை என் வேட்டியில் மட்டும் துடைத்துக் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு நான் மட்டும் பெருமுக்கல் போனேன். அக்கா மல்லாட்டை காயவைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். மல்லாட்டையைக் கிளறிக்கொண்டே கேட்டாள். முடித்த பிறகு, போட்டோ புடிக்கசொல்ல நான்தான் ஒம் பொண்டாட்டி வேணி தோள்ல கை போட்டேன், அவ ஒதறல, சரி, எல்லாம் ஆறிடுச்சின்னு நெனச்சிக்கினு வந்தேன், அப்பறம் அந்தப் படத்தக் கொண்டாந்து குடுக்குறாங்க, நான் இன்னா நெனைக்கிறது தம்பி என்றாள். புதுப் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டச் சொன்னாள், மாமா மாட்டினார். வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அடுத்த வாரம் அவளே பெருமுக்கல் போனாள். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பை நிறைய முருங்கைக்காயோடு கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. தெய்வம் உன்னை நல்லபடியாக வைத்திருக்கும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அத்தைக்கு அவசியம் போன் பண்ணு. சாஃப்ட்வேர் விளக்கமெல்லாம் வேண்டாம், அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகப்போகிறது, அதைப் பற்றிக் கேள். அன்றைக்குப் பெருமுக்கல்லிலிருந்து நான் கிளம்பும்போது வாசல்வரை வந்து, பானு அங்க உக்காந்து அந்தப் படத்த சரி பண்ணசொல்ல ஓரத்துல நான் நிக்கறத பாத்துச்சா என்று கேட்டாள். பார்த்தாள் என்று சொல்லிவிட்டேன். நீ பார்த்தாயா என்று எனக்குத் தெரியாது. பார்க்கவில்லை என்றால் அவளிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
நெடுஞ்செழியன்