ஸ்பீனாய்டு அறை இயல்பாக உள்ளது

மார்ச் 4
இன்று நாற்பத்தொரு ஸ்கேனுக்கு ரிப்போர்ட் எழுதினேன். எழுதினேன் என்பது பெரிய வார்த்தை. மாதிரி வாக்கியங்களைக் கணினியில் சேமித்து வைத்திருக்கிறேன். ஒரு பொத்தானை அழுத்தினால் "ஸ்பீனாய்டு அறை இயல்பாக உள்ளது" என்று தானே வந்து உட்காரும். மூக்குக்குப் பின்னால், மூளைக்குக் கீழே இருக்கும் காற்றறை அது. ஆளுக்கு ஆள் வடிவம் மாறும். என் வாக்கியம் மட்டும் பதினோரு வருடமாக மாறவில்லை.

கதவு நிலையில் மறுபடி தோளை இடித்துக்கொண்டேன்.

மார்ச் 9
இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை குறைந்திருக்கிறதாம். கண் டாக்டர் சொன்னார். "பக்கத்துல இருக்கிற என்னைக் கவனிக்கிறதே இல்லன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்றார் வீட்டுக்காரர். சிரித்தேன். பிறகு பயமாக இருந்தது.

மார்ச் 12
எம்.ஆர்.ஐ. எடுத்ததில் தெரிந்தது: மூளைக்கு அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி. பார்வை நரம்பை அழுத்துகிறது. மூக்கு வழியாகப் போய், அதே ஸ்பீனாய்டு அறையைத் திறந்துதான் எடுக்க வேண்டும். அந்த அறைக்கு என் மேல் ஏதோ கோபம்.

மார்ச் 14
எலும்பைப் பார்க்க சி.டி. ஸ்கேன், எங்கள் ஆஸ்பத்திரியிலேயே. பக்கத்து நாற்காலி டாக்டர் ரிப்போர்ட் எழுதினார். நான்கே நிமிடம். நான் பெருமையாகக் கொடுத்த மாதிரியைத்தான் அவரும் வைத்திருக்கிறார். என் ஸ்பீனாய்டு இயல்பாக உள்ளதாம்.

படத்தை நானே திறந்தேன். இயல்பா? அறையை இரண்டாகப் பிரிக்கும் எலும்புச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் மேல் போய் ஒட்டியிருக்கிறது. தெரியாமல் அந்தச் சுவரைப் பிடித்துத் திருகினால் குழாய் கிழியும். அதோடு நான் காலி.

மார்ச் 15
என் ஸ்கேனுக்கு நானே நான்கு பக்கம் எழுதினேன். அம்புக்குறி, அளவு, சிவப்பு எழுத்து எல்லாம் போட்டு. ஆபரேஷன் செய்யப்போகும் மூக்கு டாக்டர் வாங்கிப் பிரிக்காமலே மேசையில் வைத்தார்.

"நான் ரிப்போர்ட் படிக்கிறதில்ல மேடம். படத்தை நேத்தே பார்த்துட்டேன். அந்தச் சுவரைத் திருக மாட்டேன், டிரில் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சுதான் எடுப்பேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ரோஷமும். படிக்கக்கூட மாட்டாராமே?

மார்ச் 21
நாளைக்கு ஆபரேஷன். ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எல்லாரும் சொல்றதாலதான் பயமா இருக்கு.

ஏப்ரல் 2
வீடு. ஜன்னலின் இரண்டு ஓரமும் ஒரே நேரத்தில் தெரிகின்றன. அழுதேன். மூக்கைச் சிந்தக் கூடாது என்பதால் அழவும் கூடாது என்று வீட்டுக்காரர் தடை போட்டார்.

ஏப்ரல் 10
பரிசோதனைக்குப் போனபோது மூக்கு டாக்டரிடம் கேட்டே விட்டேன், ஏன் படிப்பதில்லை என்று. "ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் படிச்சேன் மேடம். ஒருத்தங்களுக்கு இயல்புன்னு போட்டிருந்துச்சு. நம்பித் திருகினேன்."

யார் எழுதியது என்றேன். கேமராக் குழாயை மூக்குக்குள் விட்டுவிட்டார். என்னாலும் அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

ஏப்ரல் 11
ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு வருடத்துக்கு முன் அவர் செய்த ஆபரேஷன்களில் அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். ரிப்போர்ட்டின் கீழே என் கையெழுத்து. சாய்ந்த சுவரைக் கண்டுபிடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நோயாளி ஒரு பள்ளி ஆசிரியை. ஐம்பத்திரண்டு வயது. உயிர் பிழைத்தார். வலது கையும் பேச்சும் திரும்பவில்லை.

துறைத் தலைவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரமாக முதல் வரியிலேயே இருக்கிறேன்.